மூன்று கீறல் குடுவை

அத்தியாயம் 9

மதியம் சரியாக ஒன்று பத்துக்கு இசுருகி மஞ்சள் துணியைப் பிரித்து, உடைந்த குடுவையின் அடிப்பாகத்தை வெளியே எடுத்தாள். அதே ஒன்று பத்துக்கு அவளுடைய உதவியாளன் பாண்டோ ஒரு கமலா ஆரஞ்சை உரிக்க ஆரம்பித்தான். ஒகயாமா நகரத்தில், ஒரு நூடுல்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் அந்தத் துப்பறியும் நிறுவனத்தில் பதினோரு வருடங்களாக வேலைப் பங்கீடு இப்படித்தான்.

இன்று அவர்கள் உட்கார்ந்திருந்தது நூடுல்ஸ் கடை மாடியில் அல்ல. பிஸென் மலையடிவாரத்தில், சாயோவின் மண்பாண்டப் பட்டறையில். நாற்பத்தொரு வயது சாயோ எதிரே முழங்கால் மடித்து உட்கார்ந்து, அந்த ஓட்டுத் துண்டைத் தன்மேல் பொய்சாட்சி சொன்ன ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாலு மணிக்குச் சூளை மூட்டறாங்க," என்றாள். "மூணாவது அறையில என்னோடது இருநூத்திப் பதினாலு உருப்படி இருக்கு. ஒரு வருஷத்து வேலை. நாலு மணிக்குள்ள நான் திருடி இல்லைன்னு ஆகலேன்னா, எல்லாத்தையும் எடுத்து வெளியில வெச்சிருவாங்க. அப்புறம் இந்தச் சூளையில எனக்கு இடம் கிடையாது."

"வேற சூளைக்குப் போனா?" என்றான் பாண்டோ.

"இங்க தள்ளிவிட்டவளை வேற எவன் உள்ள விடுவான்?"

பாண்டோ ஒரு சுளையை நீட்டினான். அவள் வாங்கிக்கொள்ளவில்லை. அவனே சாப்பிட்டான்.

வழக்கு இதுதான். அந்தச் சூளை மூன்று வீடுகளுக்குப் பொது. பிஸென் பாண்டத்துக்கு மெருகும் கிடையாது, சாயமும் கிடையாது. வெறும் மண், விறகு, பன்னிரண்டு நாள் நெருப்பு. வெளியே வரும்போது எது யாருடையது என்று பெற்றவளுக்கே தெரியாது. அதனால்தான் ஒவ்வொரு வீடும் மண் ஈரமாக இருக்கும்போதே பாண்டத்தின் அடியில் தன் அடையாளத்தைக் கீறிவிடும். சாயோ வீட்டுக்குத் தூண்டில் முள். சூளைத் தலைவர் உகிதா வீட்டுக்கு வட்டத்துக்குள் ஒரு புள்ளி. எழுபத்தாறு வயது கான்பேயின் வீட்டுக்கு ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று கோடு. மேலே சின்னது, நடுவில் அதைவிடப் பெரியது, கீழே எல்லாவற்றையும்விடப் பெரியது. மலை மாதிரி.

கான்பே சாதாரண ஆள் அல்ல. ஊரே அவரை ‘சென்செய்’, அதாவது ஆசான், என்றுதான் கூப்பிடும். வசந்த காலத்துக் கண்காட்சியில் அவருடைய குடுவைக்கு முதல் பரிசு. அதனுடன் அதே சூளையில் வெந்த இன்னொரு குடுவையை ஒஸாகாக்காரர் ஒருவர் கான்பேயின் கையெழுத்துப் போட்ட மரப்பெட்டியோடு வாங்கிப் போனார். போன மாதம் அது கைதவறி உடைந்தது. தங்கம் வைத்து ஒட்டுகிற கைவினைஞரிடம் கொடுத்தார். ஒட்டுகிறவர் ஓட்டின் விளிம்பைப் பார்த்துவிட்டு ஒட்டாமல் திருப்பி அனுப்பிவிட்டார். உள்ளே மண் மாவு மாதிரி நைசாக, வெளுப்பாக இருந்தது. கான்பேயின் மண் வயல் மண். வெள்ளைச் சரளை கலந்தது. இந்த நைஸ் மண்ணை இந்த ஊரில் தோண்டுவது ஒரே ஆள்தான். சாயோ.

குடுவை சாயோவுடையது, கீறல் கான்பேயுடையது. என் கீறலைக் காப்பியடித்து, என் பெட்டிக்குள் தன் சரக்கை மாற்றி வைத்துவிட்டாள் என்று கான்பே கூரை அதிரக் கத்தினார்.

"கையைத் துடைச்சிட்டு வா," என்றாள் இசுருகி. "இந்தக் கோட்டைத் தடவு."

பாண்டோ கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு தடவினான்.

"சொரசொரன்னு இருக்கு, மேடம்."

"முழுக்கவா?"

"இல்ல, ஓரத்துல. இடது ஓரத்துல மட்டும்." அடுத்த கோட்டைத் தடவினான். அதற்கடுத்ததையும். "மூணுக்கும் இடது ஓரம்தான்."

இசுருகி ஒரு பிடி ஈர மண்ணைத் தட்டிப் பலகையில் வைத்து ஒரு மூங்கில் குச்சியை அவனிடம் கொடுத்தாள். அவன் ஒரு கோடு இழுத்தான். சாயோவும் ஒரு கோடு இழுத்தாள். இரண்டு கோட்டுக்கும் மண் பிசிறு குவிந்தது வலது ஓரத்தில்.

"குச்சி போற பக்கம் மண்ணும் கூடவே போகும்," என்றாள் இசுருகி. "குச்சி நிக்கற இடத்துல குவியும். நீங்க ரெண்டு பேரும் இடதுலேர்ந்து வலதுக்கு இழுத்தீங்க. இதைக் கீறினது வலதுலேர்ந்து இடதுக்கு இழுக்கற கை."

"தலைகீழாப் பிடிச்சுக் கீறியிருந்தா?"

"நீ உன் பேரைத் தலைகீழாப் பிடிச்சு எழுதுவியா?"

"சம்பள ரசீதுல எழுதியிருக்கேன். துக்கத்துல."

சாயோ முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்ப கீறினது இடதுகைக்காரங்க. நான் வலதுகை. போதுமா?"

"போதாது. அப்ப யாருன்னு உகிதா கேப்பார். காய வெக்கற கொட்டகைக்குள்ள போற வர ஆளுங்க யார் யாரு?"

"நான், உகிதா, கான்பே சென்செய், அவர் சம்சாரம் குனியே அக்கா. நாலே பேர்."

"இதுல இடதுகை?"

"யாருமே இல்லையே. எல்லாரும் வலது கையாலதான் எழுதறாங்க, சாப்பிடறாங்க."

"எழுதுவாங்க," என்றாள் இசுருகி அலுப்புடன். "அந்தக் காலத்துப் பள்ளிக்கூடத்துல இடது கை பென்சிலைத் தொட்டா முட்டியிலயே போடுவாங்க. ஆறாம் வகுப்பு முடியறதுக்குள்ள மொத்த ஊரும் வலதுகை ஆயிரும். கேட்டாலும் ஒத்துக்க மாட்டாங்க."

பாண்டோ பையிலிருந்து இன்னொரு ஆரஞ்சை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தான். திடீரென்று அதை சாயோவை நோக்கி வீசினான். அவள் வலது கை தானாக எழுந்து அதைப் பிடித்தது.

"எழுதற கையைத்தான் வாத்தியார் மாத்துவார்," என்றான் பாண்டோ. "பிடிக்கற கையை எவன் மாத்தினான்?"

இசுருகி அவனைப் பார்த்தாள். பதினோரு வருடத்தில் மூன்றாவது முறையாக அவள் முகத்தில் மரியாதை மாதிரி ஒன்று வந்து, வந்த வேகத்தில் போய்விட்டது.

"அந்த ஆரஞ்செல்லாம் எங்கேயிருந்து?"

"ஒரு தட்டுலேர்ந்து."

*

மணி ஒன்று ஐம்பது. உகிதா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, சூளையின் பக்கவாசலைச் செங்கல்லும் சேறும் வைத்து அடைத்துக்கொண்டிருந்தார். பூசாரி நேரத்துக்கு வந்துவிடுவார். சூளை வாய்க்கு முன்னால் ஒரு மேசையில் படையல் தயாராக இருந்தது: அரிசி, உப்பு, சாக்கே மது, காய்ந்த கணவாய், ஒரு தட்டில் கமலா ஆரஞ்சு.

"ஒன்பது வெச்சேன்," என்றார் உகிதா, சேற்றுக் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு. "ஆறு இருக்கு."

"காக்கா," என்றான் பாண்டோ.

"இந்த ஊர்ல காக்கா கணவாயை விட்டுட்டு ஆரஞ்சையா தூக்கும்?"

"பல்லு போன காக்காவா இருக்கும்."

இசுருகி குறுக்கே வந்து, சாயோவின் பாண்டங்களை எப்போது எடுப்பீர்கள் என்று கேட்டாள். எடுக்க வேண்டியிருந்தால் மூன்றே முக்காலுக்கு ஆரம்பிப்பேன், எனக்கு அதில் ஆசையா என்ன, என்று சொல்லிக்கொண்டே உகிதா திரும்பியபோது ஆரஞ்சு பறந்து வந்தது. அவர் இரண்டு கையிலும் செங்கல். ஆரஞ்சை அவர் நெற்றி பிடித்தது.

"எந்தக் கையும் இல்ல மேடம்," என்றான் பாண்டோ தாழ்ந்த குரலில். "இதை எப்படிக் குறிச்சுக்கறது?"

"இது எங்கேயிருந்து வந்தது?" என்றார் உகிதா, நெற்றியைத் தடவிக்கொண்டு.

"மரத்துலேர்ந்து, ஐயா."

"இது பைன் மரம்."

"அதான் எனக்கும் ஆச்சரியமா இருக்கு. இந்தாங்க, பிடிங்க." கீழே உருண்டதை எடுத்து மறுபடி வீசினான். உகிதா செங்கல்லைப் போட்டுவிட்டு வலது கையால் பிடித்தார். பிடித்ததைத் துடைத்துத் தட்டில் வைத்தார். இப்போது ஏழு.

அவர் செங்கல்லை எடுக்கக் குனிந்து நிமிர்ந்தபோது ஐந்து.

*

கான்பேயின் மனைவி குனியேவுக்கு விருந்தாளி என்றால் கேள்வி கேட்கத் தோன்றாது. இலையைப் போடத்தான் தோன்றும். இரண்டே கால் மணிக்கு அவர்கள் சமையலறையில் உட்கார்ந்த இரண்டாவது நிமிடம், காய்கறியும் இறாலும் மேலே பரப்பிய புளிப்புச் சாதம் பாண்டோவின் மடிக்கு வந்துவிட்டது. அடுப்போரம் ஒரு மஞ்சள் பூனை, தடித்த மண் தட்டில் மீன்தலையோடு போராடிக்கொண்டிருந்தது.

"அக்கா, இந்தாங்க," என்று பாண்டோ ஆரஞ்சை வீசினான். குனியே மேலங்கியின் முன்பக்கத்தை இரண்டு கையாலும் விரித்து, அதில் வாங்கிக்கொண்டாள். பாண்டோ சலித்துப்போனான். ஆனால் அவள் அதை உரித்தது வலது கையால்தான்.

"வலது," என்று முணுமுணுத்தான். "நாலுல மூணு போச்சு. மிச்சம் புகார் குடுத்தவரே. அவரை விட்டுரலாம் மேடம். தன் வீட்டுக்கே எவன் கன்னம் வெப்பான்?"

இசுருகி பூனையின் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அழகான தட்டு."

"சாயோ பண்ணிக் குடுத்தது," என்றாள் குனியே. "பாவம் அந்தப் பொண்ணு. நீங்க நம்புவீங்களோ மாட்டீங்களோ, அவ திருடியிருப்பாள்னு எனக்குத் தோணல. போன வருஷப் புயல்ல அவளுக்கு என்ன ஆச்சு தெரியுமா?"

தெரியாது என்றாள் இசுருகி.

"ராத்திரியோட ராத்திரியா எல்லாப் பலகையையும் ஒரே கொட்டகைக்குள்ள அள்ளிப் போட்டோம். கரண்ட் இல்ல. காத்து அடிக்கற அடியில யாரு எதைத் தூக்கறோம்னே தெரியல. எதுலயும் இன்னும் கீறல்கூடப் போடல. காலையில பாத்தா வடக்கு மூலையில கூரை ஒழுகி, ஒரு பலகை முழுக்கக் கரைஞ்சு கிடக்கு. பன்னண்டு குடுவை. சுடாத மண்ணுல தண்ணி பட்டா என்ன ஆகும்? சேறு."

"யாரோட பலகை?"

"வடக்கு மூலை சாயோவோட மூலைதானே. அவ அழக்கூட இல்ல. சேத்தை வாளியில அள்ளிட்டுப் போனா. சக்கரத்துக்குச் சரிப்பட்டு வரல, தரையில கிடந்த கல்லு கலந்து முரடா இருக்குன்னு, அதுல இந்தத் தட்டைக் கையாலயே பிடிச்சு, பூனைக்கு வெச்சுக்கோங்க அக்கான்னு குடுத்தா."

"உங்க வீட்டுக்காரரோட குடுவை எல்லாம் தப்பிச்சுதா?"

"ஒண்ணுகூடப் போகல. மறுநாள் நாள்காட்டியில நல்ல நாள். இவர் நல்ல நாள்லதான் கீறல் போடுவார். ஒண்ணொண்ணா மடியில கவுத்து வெச்சுக்கிட்டு, சர்ரு சர்ரு சர்ருன்னு மூணு கோடு. உக்காந்தார்னா நூறு உருப்படியை முடிச்சிட்டுத்தான் எந்திரிப்பார். குனிஞ்சுகூடப் பாக்க மாட்டார். அறுபது வருஷப் பழக்கம்."

"கண்ணாடி போட்டுப்பாரா?"

குனியே சிரித்துவிட்டு மேலங்கிப் பையைத் தட்டினாள். உள்ளே ஏதோ கடகடவென்றது. "வாங்கி ஆறு வருஷம் ஆச்சு. போட்டா வயசு தெரியுமாம். என்னைக்காவது கேப்பார்னு நானும் பையிலயே வெச்சுக்கிட்டுத் திரியறேன்."

சுவரில் சட்டம் போட்ட ஒரு செய்தித்தாள் துண்டு. பரிசு வாங்கிய குடுவையின் படம். கழுத்து மெல்ல வளைந்து ஒரு பறவை திரும்பிப் பார்ப்பதுபோல் இருந்தது. கீழே: ‘எழுபத்தாறு வயதில் இருபது வயதுக் கை.’

இசுருகி அந்தப் படத்துக்கு முன்னால் அரை நிமிடம் நின்றாள். பிறகு திரும்பி, "இந்தப் பூனைத் தட்டை நான் ஒரு மணி நேரத்துக்கு எடுத்துட்டுப் போகலாமா?" என்று கேட்டாள்.

"எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல. பூனையைக் கேளுங்க."

பூனைக்கு ஆட்சேபணை இருந்தது. அது அவர்கள் பின்னாலேயே, நியாயம் கேட்டபடி, தெருவரைக்கும் வந்தது. தெருவுக்கு அப்புறமும் வந்தது.

*

மூன்றே கால். கான்பேயின் காட்சி அறை. இரண்டு துப்பறிவாளர்களும் ஒரு பூனையும் உள்ளே வந்தபோது, அவர் ஒரு பெட்டி மூடியில் தூரிகையால் எழுதிக்கொண்டிருந்தார். வலது கையால், வெகு கம்பீரமாக. எழுதி முடித்துத் தூரிகையைப் படுக்க வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டார்.

"உங்க குடுவை ஒண்ணைத் திருப்பி அடியைப் பாக்கலாமா, சென்செய்?" என்று இசுருகி கேட்டாள்.

"மேல பாக்கத் தெரியாதவங்கதான் கீழ பாப்பாங்க," என்றார் கான்பே. "என் கீறலை ஒருத்தி பாத்துக் காப்பியடிச்சது போதும். இந்த வீட்டுல இனிமே எதுவும் தலைகீழாகாது."

"அந்த உடைஞ்ச குடுவை உங்க கைக்குத் தெரியலையா?"

"தெரியாம என்ன? ஓட்டைத் தொட்டதுமே சொன்னேனே, இது என் மண் இல்லைன்னு."

"உடையறதுக்கு முன்னாடி தொட்டிருந்தா?"

கான்பே அந்தக் கேள்வியை ஒரு ஈயைப்போல் விரட்டினார். "உங்களுக்கு இங்க வேலை முடிஞ்சுது. பூனையையும் கூட்டிட்டுப் போங்க. இந்த மாதிரிப் பூனை என் வீட்டுலயும் ஒண்ணு இருக்கு."

"இது உங்க வீட்டுப் பூனைதான், சென்செய்," என்றான் பாண்டோ.

கான்பே கண்ணைச் சுருக்கிக்கொண்டு பூனையைப் பார்த்தார். பூனை அவரைப் பார்த்தது. அந்த நேரம் பார்த்து பாண்டோ, "சென்செய், பிடிங்க," என்று மெதுவாக ஆரஞ்சைப் போட்டான்.

கோத்திருந்த கைகள் பிரிந்தன. ஒரு கை மடியிலேயே இருந்தது. இன்னொரு கை, தவளை நாக்கு நீளுவதுபோல் நீண்டு, ஆரஞ்சை அந்தரத்தில் கவ்வியது.

பாண்டோ தன் கைகளை உயர்த்திப் பார்த்து, எது எது என்று சரிபார்த்துக்கொண்டான். பிறகும் நம்பிக்கை வராமல் இசுருகியைப் பார்த்தான்.

"மேடம். அது இடதுதானே?"

"இடதுதான்," என்றாள் இசுருகி. "மணி என்ன?"

"மூணு முப்பத்தஞ்சு. ஆனா மேடம், தன் வீட்டுக்கே கன்னம் வெச்சிருக்காரே."

"அப்படித்தான் நீயும் நினைச்சே, அவரும் நினைச்சார். ஓடு. உகிதாவைக் கையை வெக்க விடாதே."

*

பாண்டோ ஓடினான். மூன்று நாற்பத்து நான்குக்கு அவன் சூளையை அடைந்தபோது உகிதா மூன்றாவது அறையின் அடைப்பில் முதல் செங்கல்லை உருவிக்கொண்டிருந்தார். சாயோ பக்கத்தில் நின்றாள். யாரும் கேட்காமலே வைக்கோல் கூடைகளை வரிசையாக எடுத்து வைத்திருந்தாள், தன்னுடையதைத் தானே வாங்கி அடுக்குவதற்கு. பாண்டோ பேச மூச்சில்லாமல், அந்தச் செங்கல்லின்மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"எந்திரிப்பா."

"முடியாது. சட்டப்படி."

"எந்தச் சட்டம்?"

"அதை மேடம் வந்து சொல்வாங்க."

மேடம் வந்தாள். பின்னால் கான்பே, கையில் ஆரஞ்சோடு, தன் வாழ்நாளில் தன்னை யாரும் இப்படி இழுத்துக்கொண்டு வந்ததில்லை என்று சொல்லியபடி. அவருக்குப் பின்னால் குனியே. கடைசியில் பூனை.

இசுருகி ஈர மண் பலகையையும் மூங்கில் குச்சியையும் கான்பேயின் முன் வைத்தாள். "சென்செய், உங்க கீறலை ஒரு தடவை போட்டுக் காட்டுங்க. காப்பிக்கும் அசலுக்கும் வித்தியாசம் இவங்களுக்குத் தெரியட்டும்."

இப்படிக் கேட்டால் அவரால் மறுக்க முடியாது. கான்பே ஆரஞ்சை அங்கிக் கைக்குள் போட்டுக்கொண்டார். குச்சியை எடுத்தார். ஒரு கணம் சுற்றிப் பார்த்தார். குச்சி வலது கையிலிருந்து இடது கைக்கு மாறியது.

"பட்டறையில யாரும் பாக்க மாட்டாங்க," என்றார், யாரும் கேட்காமலே. சர்ரு, சர்ரு, சர்ரு.

இசுருகி உடைந்த ஓட்டை அதன் பக்கத்தில் வைத்தாள். உகிதா குனிந்து இரண்டையும் விரலால் தடவினார். மூன்று கோடு, மூன்று பிசிறு, எல்லாம் இடது ஓரம். மறுபடி தடவினார்.

"இது ஒரே கை," என்றார்.

"என் கீறலை நானே திருடினேன்கறீங்களா?" கான்பேயின் குரல் மேலே போனது.

"இல்ல சென்செய். கீறல் உங்களோடதுதான். குடுவைதான் உங்களோடது இல்ல."

"அது எப்படி ஆகும்?"

இசுருகி பையிலிருந்து பூனைத் தட்டை எடுத்து, "மன்னிச்சுக்கோ," என்று பூனையிடம் சொல்லிவிட்டு, சூளைச் செங்கல்லில் ஒரு தட்டுத் தட்டினாள். தட்டு இரண்டாகப் பிளந்தது. பிளந்த விளிம்பை உகிதாவிடம் காட்டினாள். அரிசி நொய் மாதிரி வெள்ளை வெள்ளையாகச் சரளை.

"இது யாரோட மண்ணு?"

"இதைக் குழந்தைகூடச் சொல்லுமே. கான்பே வீட்டு மண்ணு."

"சாயோ, இந்தத் தட்டை எதுல பண்ணினீங்க?"

"புயல்ல கரைஞ்ச என்னோட பன்னண்டு குடுவை..." சாயோ நிறுத்தினாள். வாய் திறந்தபடி இருந்தது. "அதான் முரடா இருந்துதா?"

பூனை தன் தட்டின் இரண்டு பாதிகளையும் முகர்ந்துவிட்டு, மனம் நொந்து உட்கார்ந்தது.

"இருட்டுல பலகை மாறிப் போச்சு," என்றாள் இசுருகி. "வடக்கு மூலையில கரைஞ்சது சென்செய் பலகை. சேத்துல அடையாளம் பாக்க முடியுமா? மூலை சாயோவோடதுன்னா சேறும் சாயோவோடதுன்னு எல்லாரும் முடிவு கட்டிட்டீங்க. மறுநாள் நல்ல நாள். சென்செய் வழக்கம்போல உக்காந்து, குனிஞ்சு பாக்காம நூறு கீறினார். அதுல பன்னண்டு சாயோ பண்ணினது. திருட்டும் இல்ல, காப்பியும் இல்ல. இந்த ஊர் வேலை முறையில நடந்த ஒரு தப்பு, அவ்வளவுதான்."

"என் குடுவையை எனக்குத் தெரியாதா?" என்றார் கான்பே. ஆனால் குரல் இப்போது மேலே போகவில்லை. "சூளையிலேர்ந்து எடுத்தப்ப எவ்வளவு லேசா இருந்துது. அந்தக் கழுத்து... நெருப்பு எனக்கு இளமையைத் திருப்பிக் குடுத்துதுன்னு..."

"பேப்பர்ல அந்தப் பரிசுக் குடுவையைப் பாத்தேன்," என்றாள் சாயோ தயக்கத்துடன். "கழுத்து என்னோட வளைவு மாதிரி இருந்துது. பெரியவர் நம்ம வேலையைப் பாத்துப் பண்ணியிருக்காரேன்னு ரெண்டு நாள் சந்தோஷத்துல சோறு இறங்கல."

அப்போதுதான் பாண்டோவுக்கு மீதி உறைத்தது. பன்னிரண்டில் ஒன்று ஒஸாகாவில் உடைந்தது. இன்னொன்று பரிசு வாங்கியது. மூன்று ஐம்பத்தொன்று. கான்பே வாயை மூடிக்கொண்டு நின்றால் அந்தப் பரிசு அவருடையதாகவே இருக்கும். சாயோவின் இருநூற்றுப் பதினாலும் வெளியே வரும்.

"கான்பே," என்றார் உகிதா மெதுவாக. "புகார் குடுத்தது நீங்க. எடுத்துக்க வேண்டியதும் நீங்கதான்."

குனியே மேலங்கிப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து, கணவரின் மூக்கில் மாட்டிவிட்டாள்.

கான்பே ஓட்டைப் பார்த்தார். பூனைத் தட்டைப் பார்த்தார். சாயோவைப் பார்த்தார். பிறகு மனைவியின் பக்கம் திரும்பி, நெடுநேரம் பார்த்தார்.

"உனக்கு எப்ப இவ்வளவு நரைச்சுது?"

"ஆறு வருஷமா."

"சொல்லவே இல்லையே."

"பாத்தா தெரியுமேன்னு விட்டுட்டேன்."

பாண்டோ செங்கல்மேல் உட்கார்ந்தபடியே வாயைப் பொத்திக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. உகிதாவின் தோளும் குலுங்க ஆரம்பித்தது. கடைசியில் அந்தப் பெரிய மனிதரிடமிருந்தே ஒரு சத்தம் வந்தது. முதலில் இருமல் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

"அறுபது வருஷத்துல நான் பண்ணின நல்ல குடுவை அதுதான்னு பேப்பர்காரன்கிட்ட சொன்னேன்," என்றார் கான்பே, கண்ணாடிக்கு அடியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "குடுவையைப் பத்தி நான் சொன்னது சரி. பண்ணினதுதான் நான் இல்ல. குனியே, அந்த ஒஸாகாப் பெட்டியைக் குடு."

அந்தப் பெட்டியை இசுருகியே கொண்டுவந்திருந்தாள். கான்பே மூடியைத் திருப்பி, உள்பக்கத்து வெறும் மரத்தை மேலே வைத்தார். ஒரு பாண்டம் யாருடையது என்று இன்னொரு கைவினைஞர் உறுதி சொல்வது அங்கேதான். படையல் மேசையிலிருந்து உகிதா தன் தூரிகையையும் மையையும் எடுத்துக் கொடுத்தார். கான்பே தூரிகையை இடது கையில் பிடித்தார். எல்லோர் முன்னாலும், எழுபது வருடத்தில் முதல் தடவையாக. எழுத்து கோணல்மாணலாகத்தான் வந்தது. உகிதா அதை உரக்கப் படித்தார்.

"‘இது சாயோவின் கை. பார்த்துச் சொல்கிறேன். கான்பே.’"

"பரிசுக்காரங்களுக்கும் நாளைக்கே எழுதறேன்," என்றார் கான்பே. "அது வலது கையாலதான். அவங்க படிக்கணும்."

சாயோ தலை தரையில் படும்படி வணங்கினாள். நிமிர வெகு நேரமாயிற்று. உகிதா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, உருவிய செங்கல்லை மறுபடி வைக்கத் தேடினார்.

"எந்திரிப்பா."

பாண்டோ எழுந்தான். செங்கல் அதன் இடத்துக்குப் போனது, மேலே ஒரு அப்பு சேறு. மூன்றாவது அறை மூடியாயிற்று.

மூன்று ஐம்பத்தெட்டு. பூசாரி வெள்ளை அங்கியோடு மேலே ஏறி வருவது தெரிந்தது. உகிதா படையலைக் கடைசியாக ஒரு முறை பார்த்துவிட்டு விறைத்து நின்றார்.

"ஒன்பது வெச்சேன். அஞ்சு இருக்கு."

பாண்டோ வானத்தைப் பார்த்தான். காக்கா எதுவும் இல்லை. "ஒண்ணு தடயம், ஐயா. ஒண்ணு சாட்சி. ஒண்ணு அக்கா சாப்பிட்டாங்க. ஒண்ணு நான்."

கான்பே அங்கிக் கைக்குள்ளிருந்து தன் ஆரஞ்சை எடுத்துத் தட்டில் வைத்தார். சாயோ தன் மடியில் முடிந்திருந்ததை அவிழ்த்து வைத்தாள்.

"ஏழு," என்றார் உகிதா. "ஒத்தப்படைதான். சாமி ஏத்துக்கும். சாயோ, இந்தத் தடவை நீ மூட்டு."

அவள் பந்தத்தை வாங்கிக்கொண்டாள். பைன் விறகு சடசடவென்று பிடித்து, சூளையின் வாய் ஒரு பெருமூச்சு விட்டது. பூனை கான்பேயின் காலடியில் வந்து, தட்டின் பாதியை மூக்கால் தள்ளியது.

"சரி சரி," என்றார் கான்பே அதனிடம். "புதுத் தட்டு நானே பண்ணித் தர்றேன்."

சாயோ நெருப்பிலிருந்து முகத்தைத் திருப்பாமலே சொன்னாள்:

"பண்ணுங்க சென்செய். கீறல் மட்டும் நான் போடறேன்."